இரண்டு குடம் தண்ணீர்

அன்புள்ள ஐயா,

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். வயது 36. எல்லோரிடமும் பாசத்தைக் கொட்டுகிறவன் நான். திரும்பி வருவதுதான் இல்லை. மனைவி வேலையிடத்திலிருந்து ஒருமுறை போன் செய்யாவிட்டால் அன்று எனக்குச் சோறு இறங்காது. அம்மா கீழ்வீட்டில் இருக்கிறார். மூட்டுவலியாம், மாடியேறி வந்து என்னைப் பார்த்தே இரண்டு மாதம் ஆகிறது. அன்பு என்பதே ஏமாற்றுதானா?

க.

அன்புள்ள க.,

நீங்கள் எழுதியிருப்பதைப் பசி என்றுதான் சொல்வேன். பசி தப்பில்லை. இளவயதில் தபால்காரரின் சைக்கிள் மணிக்காக வாசலிலேயே கிடந்தவன் நான். ஆனால் பசியோடு பந்தியில் உட்கார்ந்திருப்பவன், தானே பரிமாறுவதாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் உங்கள் ஊருக்கும் எங்கள் கடலூருக்கும் நடுவே கரையேறியதே, அன்று திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெரு முழுக்க மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது, மேல்தொட்டி காலி. பக்கத்து வீட்டு அம்மாளிடம் அடிபம்பு இருந்தது. அவரோடு எங்களுக்குப் பேச்சு நின்று ஆறு வருடம். எங்கள் முருங்கை அவர் வீட்டு ஓட்டின்மேல் இலை கொட்டியதில் தொடங்கிய சண்டை.

மறுநாள் விடிவதற்கு முன்பே பம்பு அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு வாசலில் 'ணங்' என்று ஓர் ஓசை. கதவைத் திறந்தால் இரண்டு குடம் தண்ணீர், வாய்வரைக்கும். தூசி விழாமலிருக்க இரண்டின்மேலும் சாப்பாட்டுத் தட்டு கவிழ்த்து மூடியிருந்தது. அவருடைய முதுகுதான் எனக்குத் தெரிந்தது. கரண்ட் வரும்வரை தினமும் இரண்டு குடம், ஒரு வார்த்தை இல்லை. என் மனைவி குடங்களைப் புளி போட்டுத் துலக்கி மதில்மேல் வைப்பார், அவ்வளவுதான். பிறகு கரண்ட் வந்தது. முறிந்த முருங்கை துளிர்த்தது, சண்டையும் கூடவே துளிர்த்தது. அந்த அம்மாளுக்கு எங்களை இன்றும் பிடிக்காது. ஆனால் அன்பு என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு அந்தக் கவிழ்த்த தட்டுதான் நினைவுக்கு வருகிறது.

வள்ளலார் இதை நன்றாகவே பிடித்திருந்தார். ஜீவகாருண்யம் பேசியவர், 1867 மே 23 அன்று வடலூரில் தருமச்சாலை தொடங்கி அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு இன்னும் அணையவில்லை. அங்கே நான் சாப்பிட்டிருக்கிறேன். பரிமாறியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சோறு தீர்ந்துவிட்டதா என்று மட்டும் பார்த்தார். அடுத்து உட்கார்ந்திருந்தவருக்கும் அதே கரண்டி, அதே அளவு.

மனைவியிடமும் முகம் பார்க்காமல் பரிமாறுங்கள் என்று சொல்லவில்லை. அவர் கரண்டியைத் தூக்கிவிடுவார். அவர் வேலை முடிந்து வரும்போது வீட்டில் காப்பி யார் போடுகிறார்கள் என்றுதான் கேட்கிறேன்.

அம்மா மாடிக்கு வராததைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு மாதத்தில் நீங்கள் எத்தனை முறை கீழே இறங்கிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள், தைலம் இருக்கிறதா தீர்ந்துவிட்டதா, இதெல்லாம் கடிதத்தில் இல்லை.