ஐ.நா. விமானத்தில் இடம் வாங்கித் தருகிறோம் என்றால் பணம் கொடுக்கலாமா?

ஏற்காடு நாகலூரைச் சேர்ந்த காப்பித் தோட்டத் தொழிலாளி ஒருவர் கேட்கிறார்: "என் மகன் சூடானில் அல் உபைத் நகரில் எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறான். 12 நாளாகப் பேச முடியவில்லை. பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது. ஐ.நா. அமைதிப்படை விமானத்தில் அழைத்து வருவதாகச் சொல்லி, சேலத்தில் ஒரு ஏஜென்ட் 1,80,000 ரூபாய் கேட்கிறார். நகையை அடகு வைக்கலாமா?"

வைக்க வேண்டாம், ஐயா. ஐ.நா. எந்த விமானத்திலும் தனி ஆளுக்கு இடம் விற்பதில்லை. ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் நடத்தும் விமானச் சேவை நிவாரண ஊழியர்களுக்கும் தூதரகத்தாருக்கும் உரியது; அதில் இடம் கேட்டுப் பதிவதும் அவர்களுடைய அமைப்புகள்தான். சூடானின் மேற்கே டார்ஃபூரில் இருந்த அமைதிப்படையின் பணி 2020 டிசம்பரோடு முடிந்துவிட்டது. சூடான், தெற்கு சூடான் எல்லையிலுள்ள அபியே பகுதிக்காக அமைக்கப்பட்ட படைக்கு ஆலைத் தொழிலாளிகளை ஊருக்கு அனுப்பும் வேலை தரப்படவில்லை.

ஐ.நா. பாதுகாப்புச் சபை என்ற பெயரைக் கேட்டு, நம் பிள்ளையைக் காக்க அங்கே யாரோ இருக்கிறார்கள் என்று நம்பிவிடுகிறோம். டார்ஃபூரிலுள்ள அல் ஃபஷர் நகரைத் துணை ராணுவப் படை சூழ்ந்திருந்த முற்றுகையை நிறுத்தச் சொல்லி அந்தச் சபை 2024 ஜூனில் தீர்மானம் போட்டது. முற்றுகை நிற்காமல், 2025 அக்டோபரில் நகரமே அந்தப் படையிடம் வீழ்ந்தது. பொதுமக்களைக் காக்கக் கோரி 2024 நவம்பரில் வந்த மற்றொரு வரைவை 14 நாடுகள் ஆதரித்தும், ரஷ்யாவின் ஒற்றை வீட்டோ (தடுக்கும் வாக்கு) அதை வீழ்த்தியது. பசியிலும் குண்டுவீச்சிலும் மக்கள் சாகும்போது ஒரே ஒரு கை உயர்ந்தால் எல்லாம் நின்றுபோகும் இந்த ஏற்பாட்டை எத்தனை ஆண்டு பார்த்தாலும் எனக்கு மனம் ஆறவில்லை.

ஐ.நா. நம் பிள்ளைகளை அழைத்து வராது என்பதில் ஒரு விலக்கு உண்டு, அதைத்தான் ஏஜென்டுகள் திரித்துச் சொல்கிறார்கள். உங்கள் மகன் நேரடியாக ஐ.நா. அமைப்பின் பணி ஒப்பந்தத்தில் இருந்தால், அந்த அமைப்பு தன் ஊழியர்களை வெளியேற்றும் திட்டத்தில் அவர் பெயரும் இருக்கும். ஆனால் ஐ.நா. முகாமுக்கு எண்ணெய் விற்கும் ஆலையில் வேலை செய்வது ஐ.நா. வேலை ஆகாது, முகாமுக்குச் சமையல்காரர்களை அனுப்பும் தனியார் நிறுவனத்தில் இருந்தாலும் முதல் பொறுப்பு அந்த நிறுவனத்துக்கே. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பது யார் என்பதை மட்டும் பாருங்கள். ஆலை முதலாளி என்றால் இந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது.

சென்ற ஆண்டு கொண்டலாம்பட்டியிலிருந்து ஒரு தாய் என்னிடம் கொண்டுவந்த தாளில் ஐ.நா.வின் நீல நிறச் சின்னமும் வட்ட முத்திரையும் அழகாக இருந்தன. அடியில் பணம் அனுப்ப ஒரு தனி ஆளின் கைப்பேசி எண் இருந்தது. அந்தத் தாளுக்கு அவர் தாலிக்கொடியை விற்றிருந்தார்.

சொந்த நாட்டு மக்களை அழைத்து வருவது அந்தந்த நாட்டு அரசுதான். 2023 ஏப்ரலில் சூடானில் போர் மூண்டபோது 'ஆபரேஷன் காவேரி' மூலம் 3,800க்கும் மேற்பட்ட இந்தியர்களை போர்ட் சூடான், ஜித்தா வழியாக நம் அரசே கொண்டுவந்தது. ஆகவே மகனின் பாஸ்போர்ட் நகல், ஆலையின் முகவரி, கடைசியாகப் பேசிய நாள், உடன் வேலை செய்பவர்களின் எண்கள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, சூடானுக்கான இந்தியத் தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்திலும் பதிந்து, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் கைக்கு வராவிட்டாலும், இந்தியர் என்பது உறுதியானால் ஊர் திரும்புவதற்கு மட்டுமான அவசரச் சான்றிதழைத் தூதரகம் தர முடியும்.

திங்கட்கிழமை சேலம் கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில், அயலகத் தமிழர் நலத்துறைக்கு அனுப்பக் கோரி மனுக் கொடுங்கள். மனு மேசை மேசையாக நகர்வதற்குள் நாள்கள் ஓடிவிடும் என்பதால், தூதரகத்துக்கு எழுதுவதை அதற்காகத் தள்ளிவைக்காதீர்கள். தொடர்பு கிடைக்காமலே போனால், போரில் காணாமற்போனவர்களைத் தேடும் செஞ்சிலுவைச் சங்கத்திடம் பெயரைப் பதியலாம். அதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது.

ஏஜென்ட் அனுப்பிய செய்திகளை அழித்துவிட வேண்டாம். ஏற்கெனவே இணையவழியில் பணம் அனுப்பியிருந்தால் இன்றே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.