படித்தது ஒரு பாடம், காலியாக இருப்பது வேறு பாடம்: விண்ணப்பிக்கலாமா?

கேள்வி கேட்டவர் உயிரியலில் பட்டமும் ஆசிரியர் பயிற்சியும் முடித்தவர். உயிரியலுக்கு இடமே வருவதில்லை, இயற்பியலுக்கும் கணிதத்துக்கும்தான் ஆள் தேடுகிறார்கள், விண்ணப்பிக்கலாமா என்கிறார்.

விண்ணப்பியுங்கள். ஆனால் நான் முதலில் செய்த மாதிரி செய்யாதீர்கள்.

நான் வேதியியல் படித்தவன். பிறகு ஏழு வருடம் இயற்பியல் நடத்தினேன். அந்த வேலை கிடைப்பதற்கு முன் மூன்று நேர்முகத் தேர்வுகளில் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். மூன்றிலும் நான் பெருமையாகச் சொன்ன வாக்கியம் ஒன்றுதான்: "எந்தப் பாடம் கொடுத்தாலும் எடுப்பேன் சார்." பணிவாகப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அது "இந்தப் பாடத்தில் என்ன இருக்கிறது என்று நான் இன்னும் பார்க்கவே இல்லை" என்றுதான் கேட்கும்.

நான்காவது இடத்துக்குப் போகும் முன் ஒன்பது, பத்தாம் வகுப்பு இயற்பியல் புத்தகங்களை வாங்கி, பொருளடக்கத்தை ஒரு தாளில் மூன்றாகப் பிரித்தேன். நாளைக்கே நடத்தக்கூடியவை: வெப்பம், வாயு விதிகள், அணு அமைப்பு. ஒரு வாரம் உட்கார்ந்தால் நடத்தக்கூடியவை: ஒளி, விசையும் இயக்கமும். முதலிலிருந்து கற்க வேண்டியவை: மின்சுற்றுகள், மின்காந்தத் தூண்டல். அப்புறம் பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்து எழுதி, நானே திருத்தி, மதிப்பெண்ணை அதே தாளின் அடியில் குறித்துக்கொண்டேன். துறைத் தலைவர் தாளை வாங்கிப் பார்த்தார். முதல் இரண்டு பகுதிகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாவதில் விரலை வைத்து, "இது எந்த மாதம் வரும் தெரியுமா?" என்றார். தெரிந்திருந்தது. அதற்குள் என்ன படிப்பேன் என்பதையும் சொன்னேன். பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிட்டது.

விதிமுறையை முதலிலேயே பார்த்துவிடுங்கள். இது நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் தகுதிபெற்ற ஆசிரியர் என்ற நிலை ஒரு பாடத்தோடு கட்டப்பட்டதல்ல. அமெரிக்க மாநிலங்களில் உரிமம் பெரும்பாலும் பாடவாரியாக இருக்கும். பல மாநிலங்களில் ஒரு தேர்வு எழுதிப் புதிய பாடத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். அறிவிப்பில் 'இன்ன பாடத்தில் பட்டம் கட்டாயம்' என்று இருந்தால் அங்கே திறமை பேசாது, விண்ணப்பக் கட்டணம்தான் வீண். 'அல்லது தொடர்புடைய பாடம்' என்று இருந்தால் உங்கள் மதிப்பெண் பட்டியலை எடுத்துத் துணைப்பாடங்களைத் தேடுங்கள். நீங்களே மறந்துபோன உயிர்இயற்பியல் தாளோ புள்ளியியல் தாளோ அதில் இருக்கலாம்.

தகுதியில்லாத இடத்தில் நுழைகிறோமோ என்ற கூச்சம் வேண்டாம். வேறு பாடம் நடத்தும் ஆசிரியர்களைப் பற்றி அமெரிக்காவில் 1990களில் விரிவாக ஆராய்ந்தவர் ரிச்சர்ட் இங்கர்சால். அவர்களில் பெரும்பாலோர் தகுதி குறைந்தவர்கள் அல்லர், முறையாகப் படித்தவர்களைப் பொருந்தாத பாடத்தில் போட்டுவிடுகிறார்கள் என்பது அவருடைய முடிவு. டைம்டேபிளில் ஒரு ஓட்டை விழும், யாரையாவது வைத்து அடைப்பார்கள். பள்ளியில் வேலை பார்த்த எவருக்கும் இது புதுச் செய்தி இல்லை.

கூச்சம் வேண்டாம் என்றேனே தவிர, பயம் கொஞ்சம் இருப்பது நல்லது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். இரண்டு பல்புகளைத் தொடரிணைப்பில் போட்டுக் காட்டி, இரண்டிலும் ஒரே அளவு மின்னோட்டம்தான் பாய்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போனேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "மின்னோட்டம் குறையவே இல்லைன்னா பேட்டரி ஏன் சார் தீர்ந்துபோகுது?" வாயடைத்து நின்றேன். பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை என் சொந்தப் பாடம். ஆனால் அதை இந்தச் சுற்றோடு சேர்த்து யோசித்ததே இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்தேன். மறுநாள் ஒரு சைக்கிளை வகுப்புக்குள் தள்ளிக்கொண்டு போய், பெடலைச் சுற்றிக் காட்டினேன். செயின் எங்கேயும் தேய்ந்து மறையவில்லை, போன அளவே திரும்பி வருகிறது, களைத்துப்போவது மிதிக்கிற கால். பேட்டரியில் அப்படிக் குறைவது வேதி ஆற்றல்.

பல வருடம் இயற்பியல் நடத்தியவருக்கு அந்தக் கேள்வி வரும் என்று வகுப்புக்குள் நுழையும் முன்பே தெரியும். முதல் பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடும் என்று பிள்ளைகள் நினைப்பதும் தெரியும். லீ ஷுல்மன் என்ற கல்வியாளர் 1986ல் இதைத் தனியாகப் பிரித்துப் பேசினார்: பாடம் தெரிவது ஒன்று, அந்தப் பாடத்தைப் பிள்ளைகள் எந்த இடத்தில் தவறாகப் பிடித்துக்கொள்வார்கள் என்று தெரிவது இன்னொன்று. வினாத்தாள் போட்டுப் பார்த்தால் முதலாவது கைக்கு வரும். இரண்டாவதற்கு, அந்தப் பாடத்தை நடத்துபவரின் வகுப்பில் பின்வரிசையில் போய் உட்கார வேண்டும். டெமோ கிளாஸுக்குத் தயாராகும்போதும் அப்படித்தான்: பாடத்தை அழகாக ஒப்பிப்பதைவிட, பிள்ளைகள் செய்யும் தவறு ஒன்றை எடுத்துத் திருத்திக் காட்டுங்கள்.

வேலை தருகிறோம் என்றால் நீங்கள் கேட்க வேண்டியவையும் உண்டு. வாரத்துக்கு எத்தனை பீரியட், எந்தெந்த வகுப்பு? அதே பாடத்துக்கு அனுபவமுள்ள ஆசிரியர் வேறு யாராவது இருக்கிறாரா? பொதுத் தேர்வு எழுதும் வகுப்பை முதல் வருடமே கொடுப்பார்களா? கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்றால் நான் யோசிப்பேன். தனியாளாக, வழிகாட்டவும் ஆளில்லாமல் என்றால் மாட்டேன் என்றே சொல்வேன்.

உங்கள் சொந்தப் பாடத்தில் ஒரு வகுப்பையாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கவில்லை. ஏழு வருடம் கழித்து ஒரு வேதியியல் பணியிடத்துக்குப் போனபோது, "கடைசியாக எப்போது வேதியியல் நடத்தினீர்கள்?" என்று கேட்டார்கள். பதில் சொல்ல வெட்கமாக இருந்தது.

உயிரியல்காரரான உங்களுக்கு என் யோசனை: ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பொது அறிவியல் எடுக்கும் இடங்களை முதலில் பாருங்கள். அங்கே பாதிப் பாடம் உங்களுடையது, மீதியை நடத்தியே கற்றுக்கொள்ளலாம். இயற்பியல் அதற்கு அப்புறம். கணிதத்தை இப்போதைக்கு விடுங்கள். ஏழாம் வகுப்பில் எதிர்க்குறி எண்களைக் குழப்பமாகச் சொல்லிக்கொடுத்தால், பத்தாம் வகுப்பு வரை அந்தப் பிள்ளை ஒவ்வொரு சமன்பாட்டிலும் தடுக்கி விழும்.