ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன் கொடுத்தால் சர்க்கரைப் புண் ஆறுமா?

அப்பாவின் பாதத்தில் நான்கு மாதமாக ஆறாத சர்க்கரைப் புண், ஆக்சிஜன் சேம்பரில் 30 நாள் படுக்கச் சொல்கிறார்கள், பலன் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் அம்மாவை அழைத்துக்கொண்டு அலைந்தவள் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் காலுக்கு ரத்தம் போகிறதா என்று பாருங்கள். சேம்பருக்குள் காற்றழுத்தத்தை வழக்கத்தைப் போல 2 அல்லது 2.5 மடங்குக்கு ஏற்றி, சுத்த ஆக்சிஜனைச் சுவாசிக்க வைக்கிறார்கள். சிவப்பணுவில் ஏறுவது போக, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவிலும் அது நிறையக் கரைகிறது. ஆனால் அந்த ரத்தம் புண் வரை போய்ச் சேர வேண்டுமே! அதைச் சோதிக்காமலே ஓரிடத்தில் அம்மாவைப் பத்து நாள் படுக்க வைத்தார்கள். புண் வெளிறியே கிடந்தது. அந்தப் பத்து நாளை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. வேறு டாக்டர் டாப்ளர், அதாவது ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன், எடுத்துப் பார்த்தபோது முழங்காலுக்குக் கீழே அடைப்பு. பலூன் வைத்து அதைத் திறந்து, பிறகு மறுபடி சேம்பர். மூன்றாவது வாரம் கட்டுப் பிரித்தபோது, புண்ணின் நடுவில் மாதுளை முத்துப் போலச் சிவப்பாகச் சதை துளிர்த்திருந்தது. சிஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

பாதத்துத் தோலில் சென்சார் ஒட்டி ஆக்சிஜனை அளக்கும் சோதனையும் உண்டு. 40 மி.மீ. பாதரச அளவுக்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை. சேம்பருக்குள் அது 200-ஐத் தாண்டினால் ஆறும் வாய்ப்பு அதிகம். இந்த வசதி உள்ள இடமாகத் தேடுங்கள்.

ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2010-இல் ஸ்வீடனில் 94 பேரிடம் செய்த ஆய்வில், ஒரு வருடத்தில் ஆக்சிஜன் பெற்றவர்களில் 52 சதவீதத்தினருக்குப் புண் ஆறியது, மற்றவர்களில் 29. 2018-இல் வந்த நெதர்லாந்து ஆய்வில் காலைக் காப்பாற்றுவதில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. அதில் ஆக்சிஜன் பிரிவில் இருந்தவர்களில் மூன்றில் ஒருவரால் சிகிச்சையை முழுதாக முடிக்கவே இயலவில்லை.

அப்பா பீடி, சிகரெட் பிடிப்பவரா? அப்படியானால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், புகை பிடித்தால் ரத்தக்குழாய் சுருங்கிவிடும். எலும்பு வரை சீழ் போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே, எம்ஆர்ஐயில் பார்க்க வேண்டும். சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ஆறுவது கடினம். புண்ணை ஊன்றி நடந்தால் எந்த ஆக்சிஜனும் உதவாது. அம்மாவுக்கு நாங்கள் வாக்கர் வாங்கிக் கொடுத்தோம்.

சேம்பருக்குள் சர்க்கரை இறங்கலாம், சாப்பிட வைத்து அழைத்துப் போங்கள். தலைக்கு எண்ணெய் வேண்டாம், பருத்தித் துணிதான். காது அடைத்தால் எச்சில் விழுங்கச் சொல்லுங்கள்.

டாப்ளர் எடுத்தாயிற்றா? இல்லையென்றால் பணம் கட்டும் முன் அதை எடுத்துவிடுங்கள்.