வீட்டைத் தூக்கிப் போகலாம், அனுமதியை?

கேள்வி: இரும்புச் சட்டத்தில் 10 அடி அகலம், 24 அடி நீளத்தில் நானே ஒரு குட்டி வீடு கட்டினேன். பொள்ளாச்சி பக்கம் பெரியப்பா மகன் தோட்டத்தில் கான்கிரீட் தூண்கள் போட்டு, அதன் மேல் போல்ட் முடுக்கி நிறுத்தியிருக்கிறேன். எழுத்து எதுவும் இல்லை. "வச்சுக்கடா தம்பி" என்றார், அவ்வளவுதான். இப்போது அண்ணன் தோட்டத்தை விற்கிறார். வாங்குபவரோ வீடும் நிலத்தோடு சேர்ந்தது என்கிறார். ஆனைகட்டி பக்கம் ஒரு மனை பார்த்திருக்கிறேன். இத்தனை சின்ன வீட்டுக்கும் அனுமதி வேண்டுமா? (வாசகர், கோவை)

பதில்: வாங்குபவர் சொல்வதில் பாதி உண்மை. நிலத்தை விற்றால் அதோடு பிணைந்தவையும் சேர்ந்து போகும் என்றுதான் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 8ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் அண்ணன் தனக்கு உரிமை உள்ளதை மட்டும்தான் விற்க முடியும். நிலம் ஒருவருடையது, கட்டடம் இன்னொருவருடையது என்ற நிலையை நம் நீதிமன்றங்கள் ஏற்கின்றன. போல்ட்டைக் கழற்றினால் வரும் வீடு உங்களுடையது என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது.

ஆனால் இதில் ஒரு சிக்கல். வாய்மொழியாகக் கிடைத்தது வெறும் உரிமம், அதாவது இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் அனுமதி மட்டும்; அண்ணன் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். உரிமத்தை நம்பி நிரந்தரத் தன்மையுள்ள வேலை செய்து செலவழித்திருந்தால் திரும்பப் பெற முடியாது என்கிறது 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு. "என் வீடு கழற்றக்கூடியது" என்று நீங்கள் எவ்வளவு அழுத்திச் சொல்கிறீர்களோ, அந்த அளவுக்கு வீடு உங்களுடையதாகிறது. அதே அளவுக்கு அங்கேயே இருக்கும் உரிமை நழுவுகிறது. இரண்டையும் ஒரே வழக்கில் பிடிக்கப் பார்க்காதீர்கள். வீட்டைக் காப்பாற்றுங்கள், இடத்தை விடுங்கள். பொருட்களை எடுத்துச் செல்ல நியாயமான அவகாசம் உண்டு (அதே சட்டத்தின் 63ஆவது பிரிவு).

அண்ணனுடன் இன்னும் பேச்சுவார்த்தை இருக்கிறதல்லவா? கிரயப் பத்திரத்தில் "தோட்டத்தில் உள்ள இரும்பு வீடு இந்த விற்பனையில் சேராது, இன்ன தேதிக்குள் அகற்றப்படும்" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். வக்கீல் நோட்டீஸை விட அந்த ஒரு வரி பலன் தரும். இரும்புக் கடை பில், வெல்டிங் கூலி ரசீது, போட்டோக்களைப் பத்திரப்படுத்துங்கள்.

சரி, ஆனைகட்டி. வீடு நகரும், அனுமதி நகராது. எந்த அனுமதியும் குறிப்பிட்ட சர்வே எண்ணுக்குத்தான். அளவு சிறிது என்பதும் உதவாது: 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தில் கட்டடம் என்றால் குடிசை, கொட்டகையும் அடக்கம், மரம், மண், உலோகம் எதில் செய்திருந்தாலும் சரி. 2024 ஜூலையில் வந்த, விண்ணப்பிப்பவரே சான்றளிக்கும் சுயசான்று முறையில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீட்டுக்கு ஆன்லைனில் அனுமதி கிடைக்கிறது. ஆனால் முதலில் மனை சரியாக இருக்க வேண்டும். மலையிடப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கிராமமா, மனைப்பிரிவு நகர் ஊரமைப்புத் துறையின் (DTCP) அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்" என்று புரோக்கர் சொன்னால் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பி வாருங்கள். பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்றும் நம்ப வேண்டாம்: அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டம், 2016 அக்டோபர் 20க்கு முன் விற்கப்பட்ட மனைகளை வைத்து வந்தது. பட்டாவோடு வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக, லாரி. 10 அடி என்றால் 3 மீட்டருக்கு மேல். வாகன அகலத்துக்கு விதிப்படி உச்சம் 2.6 மீட்டர். பக்கவாட்டில் நீட்டிய சுமைக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 20,000 ரூபாய் அபராதம், இறக்கும் செலவும் உங்கள் தலையில். முன் அனுமதி வாங்குங்கள், இல்லையென்றால் சுவர்ப் பலகைகளைப் பிரித்து ஏற்றுங்கள். கட்டியவர் நீங்கள்தானே, எந்த போல்ட் எங்கே என்று உங்களுக்குத் தெரியும்.