வலி ஆராய்ச்சி படிக்க ஆசைப்படும் மகள்: கடலூர் அம்மாவுக்குப் பதில்

அம்மா, பி.எஸ்சி. விலங்கியல் கடைசி வருஷம் படிக்கும் மகள் தண்டுவடத்தில் வலி எப்படி ஏறுகிறது என்பதைத்தான் மேலே படிப்பேன் என்கிறாள், இதற்கெல்லாம் வேலை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் எம்.எஸ்சி.யோடு நிறுத்திக்கொண்டால் இந்தத் துறையில் கால் ஊன்றுவது கஷ்டம். பிஎச்.டி. வரை தாக்குப்பிடிக்கும் ஆசையா என்று முதலில் பாருங்கள்.

அதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு தாளைக் கொடுத்து வலி ஏறும் இந்த வழியை வரையச் சொல்லுங்கள். காயத்திலிருந்து வரும் நரம்பு, தண்டுவடத்தின் பின்கொம்பில், அதாவது பின்பக்கப் பகுதியில், குளூட்டமேட் என்ற செய்தி வேதிப்பொருளை விடுகிறது. அடுத்த நரம்புச் செல்லின் மேல் குளூட்டமேட் ஒட்டும் வாயில்களுக்கு ஏற்பி என்று பெயர்; அவற்றில் ஆம்பா ஏற்பி உடனே திறக்கிறது. பக்கத்திலிருக்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பியிலும் குளூட்டமேட் ஒட்டுகிறது, ஆனால் அதன் துளையை மெக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டு நிற்கிறது. செல்லின் உட்புறம் சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட். நேர்மின் கொண்ட அயனியை அது உள்பக்கமாக இழுத்துப் பிடிக்கிறது. வலிச் செய்தி விடாமல் வந்து உட்புற மின்னழுத்தம் ஏறினால்தான் அடைப்பு விலகும், கால்சியம் உள்ளே பாயும். அதன்பின் செல் சின்னத் தூண்டலுக்கும் துள்ளும். காயம் பட்ட இடத்தில் சட்டை உரசினாலே சுரீரென்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடைப்பு ஏன் விலகியது என்று புத்தகம் பார்க்காமல் சொன்னால் தைரியமாக அனுப்புங்கள். பெயர்களை மட்டும் ஒப்பித்தால், பிளஸ் டூ இயற்பியலில் மின்னோட்டப் பாடத்தை மறுபடி எடுக்கட்டும். ஆய்வகத்தில் பாதி வேலை மின்சாரம்தான், மீதி பொறுமை. சோதனை விலங்கின் தண்டுவடத்தை 300 முதல் 400 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தடிமனில் சீவி, 95 சதவீத ஆக்சிஜனும் 5 சதவீத கார்பன் டை ஆக்சைடும் குமிழியிடும் உப்புக் கரைசலில் உயிரோடு வைத்திருக்க வேண்டும். வாயுவை விடுமுன் கால்சியத்தைக் கலந்தால் கரைசல் கலங்கிவிடும், கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

எம்.ஃபார்ம். மருந்தியல் சேருங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது பி.ஃபார்ம். முடித்தவர்களுக்கு. இவளுக்கு உயிர்வேதியியலோ உயிரித் தொழில்நுட்பமோ பொருந்தும். காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கடலூரிலிருந்து புதுச்சேரி இறங்கி இன்னொரு பஸ். எந்தப் பாடத்துக்கு எந்த நுழைவுத் தேர்வு, விலங்கியல் படித்தவர்களை எடுப்பார்களா என்பதை அந்த வருஷத்துக் கையேட்டில் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால், பிஎச்.டி.யின் முதல் 2 வருஷம் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. வீட்டு வாடகைப்படி தனி. எம்.எஸ்சி. முதல் வருஷமே அதற்குப் படிக்கத் தொடங்கட்டும்.