கறுப்பு பியரும் மார்கழிப் பனியும்: வன்னிக் கேள்விகளுக்குப் பதில்கள்

மார்கழி பிறந்ததிலிருந்து கறுப்பு பியர் பற்றி வந்த கேள்விகளில் சில. 21 வயது ஆகாதவர்கள் வாசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாங்குளத்திலிருந்து: அண்ணை, கனடாவிலிருந்து வந்த மச்சான் இரண்டு இம்பீரியல் ஸ்டவுட் (வெறி கூடின கறுப்பு பியர்) தந்துவிட்டுப் போனார். பிரிஜ்ஜில் கிடக்கிறது. எப்படிக் குடிப்பது?

முதலில் வெளியே எடுங்கள் தம்பி. பிரிஜ் 4 பாகை, இதற்கு 12, 13 பாகை வேண்டும். விறைக்கிற குளிரில் மணம் எழும்பாது, கசப்புத்தான் முன்னுக்கு நிற்கும். எங்களுக்கு 21 பாகைக்கே போர்வை வேண்டும், பியருக்கு அது சூடு. அதனால் அரை மணித்தியாலம் மேசையில் விட்டால் போதும்.

வாய் ஒடுங்கிய கிளாஸில் பாதிக்கு ஊற்றுங்கள். நுரை வெள்ளையாக இராது, பழுப்பாக நிற்கும். டோர்ச்சைப் பின்னால் பிடித்துப் பாருங்கள், கறுப்பு என்று நினைத்தது ஓரத்தில் கருஞ்சிவப்பாகத் தெரியும். பிறகு மணம்: வறுத்த கோப்பி, கறுப்புச் சொக்லேட், சிலதில் முந்திரிகை வற்றல். சின்ன மிடறாக எடுத்து வாயில் கொஞ்சம் வைத்திருங்கள். ஊற்றியதில் பாதி முடியும்போது குளிர் விட்டு, ஒளிந்திருந்த இனிப்பு மேலே வரும். அந்த மிச்சப் பாதிக்காகத்தான் இவ்வளவு காசு. பத்து நிமிடத்தில் முடிக்கிற ஆள் என்றால் லாகரே (வழமையான பொன்னிற பியர்) போதும்.

மல்லாவியிலிருந்து: கறுப்பு என்றால் வெறி கூடத்தானே?

இல்லை. நிறம் கருக வறுத்த பார்லியால் வருவது, வெறி சர்க்கரை எவ்வளவு நொதித்தது என்பதால் வருவது. கின்னஸ் ட்ராஃப்ட் கறுப்பு, ஆனால் மதுசாரம் 4.2 வீதம்தான். லயன் ஸ்ட்ரோங் பொன்னிறம், 8.8 வீதம். ஆனால் லயன் ஸ்டவுட்டும் அதே 8.8, அங்கேதான் கவனம். 625 மில்லிலீற்றர் போத்தலில் ஏறக்குறைய 55 மில்லிலீற்றர் மதுசாரம் இருக்கிறது. 33.5 வீதச் சாராயத்தில் அது கிட்டத்தட்ட ஒரு கால் போத்தல். “பியர்தானே” என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏ9 வீதியில் ஏறாதீர்கள்.

ஒட்டுசுட்டானிலிருந்து: பிள்ளை பெற்றவளுக்கு ஸ்டவுட் கொடுத்தால் இரத்தம் ஊறும், பால் சுரக்கும் என்று மாமி நிற்கிறா.

வேண்டாம் தங்கச்சி. மதுசாரம் தாய்ப்பாலில் கலக்கும், பால் இறங்குவதையும் குறைக்கும். இரும்புச்சத்தும் பேருக்குத்தான். ‘கின்னஸ் உடம்புக்கு நல்லது’ என்று 1929இல் தொடங்கிய விளம்பரம் ஊர் ஊராகச் செய்த வேலை இது. மாமியைக் கோபிக்க வைக்காமல் முருங்கையிலைச் சுண்டலுக்குத் திருப்பிவிடுங்கள்.

வவுனியாவிலிருந்து: குளிருக்குச் சூடு தருமா?

தருகிற மாதிரி இருக்கும். தோலுக்கு இரத்தம் கூட ஓடுவதால் முகம் சுடும், உடம்போ உள்ளிருக்கும் சூட்டை இழக்கும். சால்வையைக் கழற்றாதீர்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து: பக்கத்தில் கடிக்க என்ன வைக்கலாம்?

உறைப்பான பொரியல் வேண்டாம், கசப்பும் உறைப்பும் சேர்ந்து நாக்கைக் கொன்றுவிடும். லண்டன்காரர் ஸ்டவுட்டோடு சிப்பி சாப்பிட்டவர்கள். உங்களுக்கு நந்திக்கடல் இறால் இருக்கிறதே, உப்பும் மிளகும் மட்டும் போட்டுச் சுடுங்கள். அப்புறம் புளுக்கொடியலும் தேங்காய்ச் சொட்டும். கடைசி மிடறுக்கு ஒரு துண்டு பனங்கட்டி: வறுத்த கசப்புக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் காணவில்லை. ஒன்று, போயா (பௌர்ணமி) நாளில் கடை பூட்டு, முதல் நாளே வாங்கி வைத்துவிடுங்கள்.