மீனை ஹோட்டல்ல சாப்பிடுறது பெஸ்ட்டா, வீட்ல செய்றது பெஸ்ட்டா?

என்னைக் கேட்டா வறுவல் வெளிய, குழம்பு வீட்ல. ஹோட்டல்ல கல்லு பெருசு, தீயும் ஜாஸ்தி, அதனால வஞ்சிரம் மேல மொறுமொறுனு உள்ள ஈரமா வரும், நம்ம வீட்டு தோசைக்கல்லுல நாலு துண்டு சேர்த்துப் போட்டாலே சூடு இறங்கி மீன் தண்ணி விட ஆரம்பிச்சிடும். ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி இன்னிக்கு என்ன மீன் வந்திருக்குனு கேளுங்க, சர்வர் முழிச்சா நான் ஆம்லெட்டுக்கு மாறிடுவேன். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் கிழக்குக் கடற்கரைல விசைப்படகுக்குத் தடைக்காலம், அப்போ விலை ஏறும், ஐஸ் மீனும் நிறைய வரும்.

குழம்புக்கு மத்தி, நெத்திலி, சங்கரா. மத்தி விலையும் கம்மி, ஒமேகா 3யும் நிறைய, ஆனா வாசனைக்குப் பயந்து பாதி பேர் வாங்குறதே இல்ல, அவங்களுக்குத்தான் நஷ்டம். வாங்கும்போது செவுள் சிவப்பா இருக்கணும், கண்ணு தெளிவா இருக்கணும், விரலால அமுக்கினா குழி விழக்கூடாது. நல்லெண்ணெய்ல வெந்தயம் தாளிச்சு, புளித்தண்ணியும் மசாலாவும் பச்சை வாசனை போய் எண்ணெய் பிரியிற வரைக்கும் கொதிச்ச அப்புறம்தான் மீன் போடணும், மொதல்லயே போட்டா கரைஞ்சிடும். போட்ட பிறகு கரண்டி விடாதீங்க, சட்டியப் பிடிச்சு லேசா சுத்தி விட்டாப் போதும். நெத்திலினா அஞ்சு நிமிஷத்துல இறக்கிடலாம். காலைல மிச்சத்தை இட்லிக்கு ஊத்திக்கோங்க, அந்த ருசிய எந்த ஹோட்டல்லயும் எதிர்பார்க்காதீங்க.